சோத்து நேரத்துக் காற்று

நிலாவில் காற்று சும்மா கிடைப்பதில்லை. பாறையைச் சுட்டுக் கறக்க வேண்டும். கறந்ததைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பயன்படுத்த வேண்டும். அப்படிப்பட்ட காற்றைத் தினம் நாற்பது நிமிடம், ஒரு வேலையும் இல்லாமல், ஒரு டிரில்லைக் கொக்கியில் மாட்டிச் சுற்றவிட்டு வீணாக்குகிறார்கள் என்று தெரிந்தபோது செண்பகவல்லிக்கு வயிறு எரிந்தது.

அவள் வெண்குன்றத்துக்கு வந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வெண்குன்றம் என்பது நிலாவின் தென்கோடியில் நானூறு பேர் இருக்கும் ஊர். ஊர் என்றால் மேலே ஒன்றும் தெரியாது. எல்லாம் பாறைக்குள் குடைந்த சுரங்கங்கள். குடையக் குடைய ஊர் வளரும். பெரிய குகைகளில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் இயந்திரங்கள் வேலை செய்தன. சுரங்கத்தின் முனையில், ஆள் கையில் பிடித்துச் செய்கிற வேலைக்கெல்லாம் காற்றில் ஓடும் கருவிகள்தான். நிலாவின் தூசி கண்ணாடித் தூள் மாதிரி கூரானது. மின் மோட்டாருக்குள் புகுந்தால் ஒரே வாரத்தில் அதைத் தின்று தீர்த்துவிடும். காற்று மோட்டார் உள்ளிருந்து வெளியே ஊதிக்கொண்டே இருப்பதால் தூசி கிட்டே அண்டாது.

அந்தக் காற்று மோட்டார்களின் வேகத்தை அடக்கத்தான் செண்பகவல்லியைக் கோவில்பட்டியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். முப்பத்துமூன்று வயது. தன் வேலையில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைப்பவள். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்ததுதான் அவளோடு வேலை செய்கிறவர்களின் கஷ்டம்.

ஏழாம் சுரங்கத்தின் மேஸ்திரி எபநேசர். கோலார் தங்கவயலில் பிறந்தவர். ஐம்பதைத் தொடுகிற வயது, அகலமான தோள், எதற்கும் அவசரப்படாத பேச்சு. அவரிடம்தான் அவள் முதலில் சண்டைக்குப் போனாள்.

சுரங்க முனையில் சாப்பிடுவதற்கென்று ஒரு தூசிக் கூடாரம் உண்டு. தடித்த பிளாஸ்டிக் துணி, நாலு வளைவுக் கம்பி, இறுக்கமான ஜிப். பத்துப் பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். வெளியே போய்ச் சாப்பிட வேண்டுமென்றால் தூசிக் கதவைத் தாண்ட வேண்டும். அங்கே உடம்பைத் துடைத்து உதறி வெளியேற இருபது நிமிடம், திரும்பி வர இருபது நிமிடம். அதனால் எல்லோரும் தூசி முகமூடியைக் கூடாரத்து வாசல் அறையில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தக் கூடாரத்துக்குள்ளே கம்பியில் ஒரு கொக்கி. அதில் ஒரு டிரில். அதன் விசையைத் துணியால் இறுக்கிக் கட்டி, சாப்பாடு முடிகிற வரை ஓடவிட்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் ரசம் வேண்டுமென்றால்கூடக் கத்திக் கேட்க வேண்டும்.

“இது எதுக்கு ஓடுது, மேஸ்திரி?” என்று கேட்டாள்.

“மெஷின் குளிரக் கூடாது மேடம். குளிர்ந்துபோச்சுன்னா சாப்பாட்டுக்கு அப்பால மக்கர் பண்ணும்.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்றது? நாங்க வந்த காலத்துலேர்ந்து அப்படித்தான். முதல் செட்டு ஆளுங்க மாட்டுனாங்க, அவங்களப் பாத்து நாங்க மாட்டுறோம். பதினாறு சுரங்கத்துலயும் அப்படித்தான்.”

“காத்து மோட்டாரு குளிர்ந்தா ஒண்ணும் ஆகாது. நான் நாளைக்குக் காட்டுதேன்.”

மறுநாள் காட்டினாள். ஒரு டிரில்லைக் குளிர்பெட்டியில் ஆறு மணி நேரம் வைத்திருந்து, எல்லோர் முன்னாலும் எடுத்து விசையை அழுத்தினாள். முதல் அழுத்தலிலேயே ஓடியது. நாலு பேர் கைதட்டினார்கள். எபநேசரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஆனால் மத்தியானம் பழையபடி டிரில்லைக் கொக்கியில் மாட்டினார். கை பழகிவிட்டதாம்.

சொன்ன காரணம் பொய் என்று நிரூபித்தாயிற்று. ஆகவே பழக்கமும் வெட்டிப் பழக்கம் என்று செண்பகவல்லி முடிவு கட்டினாள். அவள் செய்த தப்பு அதுதான். அதற்கு அவள் பின்னால் விலை கொடுத்தாள்.

மோட்டாரின் வேகத்தை அடக்க அவள் செய்த கருவிக்குக் கவர்னர் என்று பெயர். புளியங்கொட்டை அளவுதான். டிரில்லின் கைப்பிடிக்குள் காற்று நுழைகிற இடத்தில் உட்காரும். அதை மாட்டுகிற அன்று, ஏழாம் சுரங்கத்தில் டிரில் பிடிக்கும் ஜெபராணி பக்கத்தில் நின்று பார்த்தாள். நாசரேத்துக்காரி, இருபத்தெட்டு வயது. ஊர்ப்பக்கம் என்பதால் அவளுக்குச் செண்பகவல்லி முதல் நாளே அக்கா ஆகியிருந்தாள்.

“இது என்னக்கா செய்யும்?”

“காத்து மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு ஜெபா. பாறையில அழுத்துனா திணறும். எடுத்துட்டா வாத்தியார் இல்லாத வகுப்பு மாதிரி ஆட்டம் போடும். வேலையே இல்லாதப்பதான் அதுக்கு வேகம் ஜாஸ்தி, காத்தும் ஜாஸ்தி குடிக்கும். இது உள்ள இருந்து சுமையைப் பாத்துக்கிட்டே இருக்கும். பாறையில வச்சா கதவை நல்லாத் திறந்துவிடும். எடுத்துட்டா ஒரே வினாடியில சாத்திரும். மோட்டாரு நிக்காது, சும்மா ஊர்ந்துக்கிட்டு இருக்கும்.”

“அப்ப கை நடுங்காதா?”

“பாதிகூட நடுங்காது.”

ஜெபராணி தன் விரல்களைப் பார்த்தாள். இரண்டு வருட அதிர்வில் அவளுக்கு விரல் நுனிகள் அடிக்கடி வெளுத்து மரத்துப்போகும். தலை பின்ன முடியாமல் முடியைக் கத்தரித்துவிட்டிருந்தாள்.

கவர்னர் சொன்னதையெல்லாம் செய்தது. சும்மா சொல்லக்கூடாது, சொன்னதற்கு மேலும் செய்தது. சாணைக் கருவிகளில் வேகம் மீறிச் சக்கரம் தெறிப்பது நின்றது. ஒரே மாதத்தில் ஜெபராணி தானே பொத்தான் போட்டுக்கொண்டாள். பதினாறு சுரங்கத்திலும் சேர்த்துக் காற்றுச் செலவு நூற்றுக்கு நாற்பது குறைந்தது. அவ்வளவு காற்றைச் சுத்தம் செய்துவந்த இயந்திரங்களுக்கு இப்போது இன்னும் சில பேரின் மூச்சைத் தாங்கும் திறன் மிச்சம் இருந்தது. நிர்வாகம் கணக்குப் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டியது: அடுத்த கப்பலில் குடும்பத்தார் இருபத்துநாலு பேர் வரலாம்.

வேலையில் சேர்ந்த வரிசைப்படி பெயர்கள். இருபத்துமூன்றாவது ஜெபராணியின் மகள். இருபத்துநாலாவது, எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்த செண்பகவல்லியின் கணவன் காளிராஜ்.

அன்றே அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். பிரிந்து ஒன்றரை வருடம். பயிற்சிக் காலம் முழுக்கத் தனியே, பிறகு கப்பல், பிறகு இது. காளிராஜ் கோவில்பட்டியில் ஹாக்கி கோச். நிலாவுக்கும் பூமிக்கும் குரல் போய்த் திரும்ப இரண்டரை வினாடி ஆகும். அவன் எப்போதும் அந்த இரண்டரை வினாடிக்கு மேல் ஒரு கணம்கூட யோசிக்கமாட்டான்.

“அங்க பந்தை அடிச்சா எங்க போயி விழும்?” என்றான்.

“சுரங்கத்துக்குள்ளதான். மேல கூரை இருக்கு.”

“அப்ப நான் கூரைக்குத் தக்கன அடிக்கப் படிச்சுட்டு வாரேன்.”

அவள் சிரித்தாள். பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

ஆறு வாரம் கழித்து நிர்வாகி ரகோத்தமன் அவளைக் கூப்பிட்டார். எப்போதும் பொத்தான் கழுத்துவரை போட்டிருக்கும் மனிதர். வெண்குன்றத்தில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவர் மேஜைக்கு ஒரு தாள் வந்துவிடும்.

“உங்க கவர்னர்ல ஏதாவது கோளாறு இருக்கான்னு பாருங்க,” என்றார்.

“அதுல கோளாறு இருக்காது சார்.”

“எனக்கும் அப்படித்தான் தோணறது. ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் போடற துளையெல்லாம் கோணலா இருக்கு. காலையில நேரா போடறவா, மத்தியானம் கோணலா போடறா. தலைவலின்னு வரவா ஜாஸ்தி. மூணாம் சுரங்கத்துல ரெண்டு பேர் ஊறுகாய்க்காக அடிச்சுண்டிருக்கா. டாக்டர் ஊர் ஞாபகம்கறார். குடும்பப் பட்டியல் ஒட்டினதுலேர்ந்து எல்லாருக்கும் ஏக்கமாம்.”

“ஏக்கம் மத்தியானம் மட்டுமா வரும்?”

ரகோத்தமன் கைவிரித்தார். “அதான் உங்களைக் கூப்பிட்டேன். போன வாரம் ஜெபராணி மாஸ்க் போடாமலே கூடாரத்து ஜிப்பைத் திறக்கப் போயிருக்கா. மேஸ்திரி பிடிச்சுட்டார். கேட்டா மறந்துட்டேன்கறா.”

நிலாத் தூசியை ஒரு நிமிடம் வெறும் மூக்கில் இழுத்தால் போதும், நுரையீரல் ஆயுசுக்கும் தழும்பாகிவிடும். அங்கே கனம் குறைவு என்பதால் கிளம்பிய தூசி மணிக்கணக்கில் இறங்காது. இரண்டு வருடம் டிரில் பிடித்தவள் முகமூடியை மறப்பது என்பது நடக்காத காரியம்.

மறுநாள் தன் சாப்பாட்டுப் பையோடு ஏழாம் சுரங்கத்துக்குப் போனாள்.

கூடாரத்துக்குள் பத்தாவது ஆளாக நெருக்கி உட்கார்ந்தாள். தயிர்சாதம், சுண்டவைத்த குழம்பு. எபநேசர் வழக்கம்போல டிரில்லைக் கொக்கியில் மாட்டி விசையைத் துணியால் கட்டினார். கவர்னர் உள்ளே இருந்ததால் அது முன்னைப்போல இரையவில்லை. சத்தமே இல்லாமல் மெல்ல உருண்டது. முன்னால் கத்திப் பேசிய இடத்தில் இப்போது கிசுகிசுத்தால்கூடக் கேட்டது. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

“இப்ப எதுக்கு மேஸ்திரி மாட்டுறீங்க? அதான் குளிரலாம்னு காட்டிட்டேனே.”

“இருந்துட்டுப் போகட்டும் மேடம். மாட்டலன்னா சாப்பிட உக்காந்தாப்பலயே இல்ல.”

பேச்சு நன்றாகத்தான் ஆரம்பித்தது. எபநேசர் தன் தாத்தா தங்கவயல் சுரங்கத்தில் எலியோடு பங்கு போட்டுச் சாப்பிட்ட கதையைச் சொன்னார். கால்மணி நேரம் போயிருக்கும். எலி ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடத்தில் கதை நின்றது. யாரும் “அப்புறம்?” என்று கேட்கவில்லை. செண்பகவல்லிக்கும் கேட்கத் தோன்றவில்லை. உடம்பு இதமாக இருந்தது. நெற்றிப்பொட்டில் மட்டும் லேசாக ஒரு வலி. ஜெபராணி கை சோற்றில் இருக்கும்போதே கண்ணை மூடியிருந்தாள். உழைக்கிற பெண், பாவம், தூங்கட்டும் என்று செண்பகவல்லி நினைத்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு எத்தனை துளை போடுவார்கள் என்று மனக்கணக்குப் போட்டாள். ஒரு ஆளுக்கு ஆறு. ஒன்பது பேருக்கு ஆறொன்பது. ஆறொன்பது எவ்வளவு? விடை வரவில்லை. மறுபடி போட்டாள். வரவில்லை. மூன்றாம் வகுப்பில் அவள் பதினாறாம் வாய்பாட்டைத் தலைகீழாகச் சொன்னவள். அந்த அவமானம்தான் அவளை உலுக்கியது. தலைவலியை விட்டுவிடலாம், தூக்கத்தை விட்டுவிடலாம், தனக்கு வாய்பாடு மறப்பதை மட்டும் அவளால் ஒப்புக்கொள்ள முடியாது.

துணிக்கு வெளியே, சுரங்கச் சுவரில் தொங்கிய, காற்று கெட்டால் சிவக்கும் வாயுமானி பச்சையாக எரிந்தது. அது சுரங்கத்தை அளக்கிறது, கூடாரத்தை அளக்கவில்லை. பத்துப் பேர் மூச்சு விட்டு விட்டு இந்தச் சின்னத் துணிக்குள் கரியமில வாயு சேர்ந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் இத்தனை வருடம் எப்படி?

அவள் கொக்கியைப் பார்த்தாள். டிரில் மெல்ல உருண்டுகொண்டிருந்தது.

ஹைட்ராலிக் மோட்டாரில் எண்ணெய் வேலையை முடித்துவிட்டு வந்த வழியே தொட்டிக்குத் திரும்பிவிடும். காற்று மோட்டாரில் காற்று திரும்பிப் போகாது. வேலை முடிந்த இடத்திலேயே ஊதித் தள்ளப்படும். அந்தக் கழிவைத்தான் இவர்கள் மூச்சு விட்டிருக்கிறார்கள். நாற்பது நிமிடமும் அந்த டிரில் கூடாரத்துக்குள் புதுக்காற்றைக் கொட்டியிருக்கிறது. முதலில் மாட்டியவனுக்கு அது தெரிந்திருக்கலாம். அவன் சொல்லாமல் போய்விட்டான். பின்னால் வந்தவர்கள் கேட்டவர்களுக்கு ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி வைத்தார்கள். அவள் வந்து அந்தக் காரணத்தைப் பொய் என்று நிரூபித்துக் காற்றையும் சாத்திவிட்டாள்.

“மேஸ்திரி, எந்திரிங்க,” என்றாள். குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. எபநேசர் கண்ணைத் திறந்து மூடினார்.

ஜிப்பைத் திறக்க முடியாது. வெளியே தூசி, உள்ளே பத்து வெறும் முகங்கள். வாசல் அறையிலிருந்து முகமூடிகளை எடுத்துவந்து அரைமயக்கத்தில் இருக்கும் ஒன்பது பேருக்கும் மாட்டி முடிக்க நேரம் இல்லை. காற்றுக்குழாயைப் பிடுங்கிவிட்டால்? கருவியைக் கழற்றிய மறுகணம் குழாயின் வாய் தானாக மூடிக்கொள்ளும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். டிரில்லின் விசை முழுக்க அழுத்தித்தான் கட்டியிருக்கிறது. ஆனால் சுமை இல்லாவிட்டால் அது ஊரத்தான் செய்யும். அவள்தான் அப்படிக் கட்டளை போட்டிருக்கிறாள். வேலை செய்தால் காற்று. உட்கார்ந்து சாப்பிட்டால் கிடையாது.

சுமை வேண்டும். கூடாரத்துக்குள் பாறை இல்லை.

கல்லூரி ஆய்வகம் ஞாபகம் வந்தது. மோட்டாரின் திறனை அளக்க அதன் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்துப் பிடிப்பார்கள். கயிறு பிடிக்கப் பிடிக்க மோட்டார் திணறும். அன்றைக்கு அது எட்டு மதிப்பெண் சமாசாரம். சாப்பாட்டுப் பையின் வாரை அறுத்தாள். டிரில்லின் சுழல்முனையில் இரண்டு சுற்றுச் சுற்றி இரண்டு நுனிகளையும் பிடித்து இழுத்தாள்.

பூமியாக இருந்தால் உடம்பின் கனத்தைப் போட்டே தொங்கியிருக்கலாம். இங்கே அவள் கனம் ஒன்பது கிலோ. மோட்டார் அவளைச் சேர்த்துச் சுற்றப் பார்த்தது. கால் இரண்டையும் கூடாரக் கம்பியில் முட்டுக்கொடுத்து மறுபடி இழுத்தாள். வார் இறுகியது. கவர்னர் சுமையை உணர்ந்தது. ஒரே வினாடியில், அவள் சொல்லிக்கொடுத்தபடியே, கதவை முழுக்கத் திறந்தது.

டிரில் உறுமியது. குளிர்ந்த காற்று அவள் முகத்தில் அடித்தது.

வார் சூடேறிப் புகைந்தது. உள்ளங்கை தீய்ந்தது. விட்டால் காற்று நிற்கும் என்பதால் அவள் விடவில்லை. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. எபநேசர் எழுந்து வந்து, தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அவள் வாருக்குப் பக்கத்தில் சுற்றி இழுத்தார்.

“நான் புடிக்கிறேன். விடுங்க மேடம்.”

ஒருவர் மாற்றி ஒருவர் பிடித்தார்கள். ஜெபராணி எழுந்து உட்கார்ந்து தன் கையில் காய்ந்திருந்த சோற்றைப் பார்த்து முழித்தாள். செண்பகவல்லி கூடாரத்துத் துணியில் சாய்ந்தாள். ஆறொன்பது ஐம்பத்துநாலு என்று இப்போது வந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. உயிரோடு இருப்பதில் சந்தோஷமும் இருந்தது, ஆனால் வெட்கம்தான் முன்னால் நின்றது.

மறுநாள் காலை ரகோத்தமன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு நல்ல செய்தி சொல்வது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

“கால்மணி நேரம் வரைக்கும் ஆபத்தில்லைன்னு நீங்களே சொல்றேள். அப்ப சாப்பாட்டு நேரத்தைப் பதினஞ்சு நிமிஷமா ஆக்கிடலாம். ஒரு செலவும் கிடையாது. பட்டியல்ல ஒரு பேரும் போகாது.”

“பத்துப் பேர் கால்மணி நேரத்துல சாப்பிட்டு எந்திரிக்கணுமா?”

“கேட்டுப் பாருங்களேன். அவாளே சரிம்பா.”

அவர் சொன்னது சரிதான். ஜெபராணியே ஓடிவந்து சொன்னாள். “பதினஞ்சு நிமிசம் போதும்க்கா. நான் நின்னுக்கிட்டே சாப்பிட்டுருவேன். பட்டியல்ல மட்டும் கைய வச்சிராதீங்க. என் மவ இருபத்துமூணாவது.”

அவள் கண்ணைப் பார்க்கச் செண்பகவல்லியால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் போதும். யாருக்கும் கோபம் இல்லை, எல்லோருக்கும் சம்மதம். காளிராஜ் கப்பலில் ஏறிவிடுவான். ஒன்றரை வருடமாகத் தனிக் கட்டிலில் புரண்டவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று சொல்லிப் புரியவைக்க முடியாது.

இரண்டு நாள் அறையை விட்டு வராமல் வரைபடம் போட்டாள். முதலில் எல்லா டிரில்லிலும் ஒரு கசிவு வைக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். பட்டியலில் ஆறு பேர் அடிபட்டார்கள், அதில் ஜெபராணியின் மகளும் உண்டு. கிழித்துப் போட்டாள். இரண்டாவது யோசனை நன்றாக வந்தது. கவர்னரின் பக்கத்தில் ஒரு சின்னத் துளை. மிளகை விடச் சிறியது, மூன்றரை மில்லிமீட்டர். அதை ஒரு ஊசி மூடியிருக்கும். கூடாரத்துக் கொக்கியில் ஒரு முள். டிரில்லை அந்தக் கொக்கியில் மாட்டினால் மட்டும் முள் ஊசியைத் தள்ளும், துளை திறக்கும், மோட்டார் எப்படி ஓடினாலும் காற்று வரும். எடுத்தால் மூடிவிடும். ஒரு கூடாரத்துக்கு ஒரு டிரில், நாற்பது நிமிடம். கணக்கை நாலு தடவை போட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரே விடை வந்தது. பட்டியலில் ஒரே ஒரு ஆள் குறைய வேண்டும்.

ரகோத்தமன் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை.

“கடைசிப் பேர் யாருன்னு தெரியுமோ?”

“தெரியும் சார்.”

“அடுத்த கப்பல் இதுக்கப்புறம் பதினாலு மாசம் கழிச்சுத்தான். சாப்பாட்டு நேரத்தைக் குறைக்க எல்லாரும் ஒத்துண்டிருக்கா. யாரும் உங்களைக் கேக்கல.”

“இன்னிக்குப் பதினஞ்சு நிமிசத்துக்குச் சரின்னு சொன்னவங்க, இன்னும் நாலு பேர் வரலாம்னு சொன்னா எட்டு நிமிசத்துக்கும் சரிம்பாங்க. வேலை செஞ்சாத்தான் மூச்சுன்னு ஒரு மெஷினைச் செஞ்சவ நான். அதுக்குள்ள உக்காந்து பாத்துட்டேன். இனிமே என் கையெழுத்து இல்லாம கவர்னர் ஓடாது சார். துளை இல்லாம நான் போட மாட்டேன். வாயுமானியையும் கூடாரத்துக்குள்ள மாட்டணும்.”

அவர் பேனாவை எடுத்தார். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. துளையின் பயன் என்ன என்று எழுத வேண்டுமாம். செண்பகவல்லி வாங்கி எழுதினாள்: சாப்பிடும்போது மூச்சு விட.

அன்று மாலை காளிராஜிடம் சொன்னாள். எதையும் சுற்றி வளைக்கவில்லை. இரண்டரை வினாடி போனது. முதல் தடவையாக அதற்கு மேலும் போனது.

“எவ்வளவு பெரிய ஓட்டை?” என்றான்.

“மூணரை மில்லிமீட்டரு.”

“அந்த ஓட்டைக்குள்ளயா என்னையப் போட்ட?”

“ஆமா.”

“சரி,” என்றான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “மூச்சுக்குத்தான போட்ட. அடுத்த கப்பல்ல வாரேன். அதுவரைக்கும் பயலுவளுக்குப் பெனால்டி கார்னர் சொல்லிக் கொடுக்கணும், இங்கயும் சோலி கிடக்கு.”

புதுக் கொக்கிகளை மாட்டுவதற்கு முன்னால் எபநேசர் அவளிடம் வந்தார். “காரணத்தை இதும்மேலயே வெட்டிக் கொடுத்துடுங்க மேடம். எங்களுக்குப் பின்னாடி வர்றவன் வேற இன்னா கதை கட்டுவானோ.” அவளுக்கு அது நூறு சதவீதம் சரியாகப் பட்டது. ஒவ்வொரு கொக்கித் தகட்டிலும் வெட்டினாள்: ‘இங்கே மாட்டினால் காற்று வரும். பத்துப் பேரின் மூச்சு. நிறுத்தாதே.’

பதினாறு கொக்கிகளையும் அவரிடம் கொடுத்தாள். இரண்டு நாளில் மாட்டிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் தன் பையோடு, புது வார் போட்ட பை, ஏழாம் சுரங்கத்துக்குச் சாப்பிடப் போனாள்.

டிரில் கொக்கியில் ஏறியதும் காற்று சீறியது. ரசம் வேண்டுமென்றால் மறுபடி கத்திக் கேட்க வேண்டியிருந்தது. எபநேசர் எலி கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். ஜெபராணி அவளுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, தன் பங்கு அப்பளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். முன்தினம் அறிவிப்புப் பலகையில் இருபத்துநாலாவது பெயரை அடித்திருந்ததை ஊரே பார்த்திருந்தது.

செண்பகவல்லி தற்செயலாகத்தான் நிமிர்ந்து கொக்கியைப் பார்த்தாள். அவள் வெட்டிய வரிகளுக்குக் கீழே வேறு ஒரு வரி இருந்தது. கோயிலில் டியூப்லைட்டிலும் மின்விசிறியிலும் எழுதுவார்களே, அந்த மாதிரி, ஊசிமுனையால் கீறிய கோணல் எழுத்து:

‘உபயம்: காளிராஜ், ஹாக்கி கோச், கோவில்பட்டி.’

“பதினாறுலயும் இருக்கு,” என்றார் எபநேசர், கதையை நிறுத்தாத குரலிலேயே. “ஜெபராணி ஒரே ஆளா உக்காந்து எழுதுச்சு. கை நடுங்கலன்னு காட்டணுமாம்.”

செண்பகவல்லி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அழுதாள். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சாயங்காலம் கொக்கியைப் படம் எடுத்துக் காளிராஜுக்கு அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டான் என்று தெரிந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் காத்திருந்தாள். கடைசியில் அவன் குரல் வந்தது.

“எல்லாம் சரி. இனிஷியலை விட்டுட்டாங்களே.”